துத்தநாகம் நின்ற பிறகு: டென்மார்க்கின் பன்றிக்குட்டிகளும் தீவனப் புரதமும்

2022 ஜூன் 26 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பன்றிப் பண்ணைகளில் ஒரு மருந்து முற்றாக நின்றது. அதுவரை, தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்கு முதல் 14 நாள், ஒரு கிலோ தீவனத்தில் 2500 மில்லிகிராம் வரை துத்தநாகத்தைத் துத்தநாக ஆக்சைடாகக் கலந்து கொடுக்கலாம். அந்தத் தேதிக்குப் பிறகு, மூலப்பொருட்களில் இயல்பாக இருப்பதையும் சேர்த்து 150 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஒன்றியத்தில் இந்த மாற்றத்தால் பெரிதும் பாதிக்கப்படக்கூடிய நாடுகளில் டென்மார்க் முன்னணியில் இருந்தது.

அறுபது லட்சம் அளவே மக்கள் வாழும் அந்நாடு ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று கோடிப் பன்றிகளை உற்பத்தி செய்கிறது. அவற்றில் ஒரு கோடிக்கும் மேல், சுமார் 30 கிலோ எடையில் குட்டிகளாகவே போலந்துக்கும் ஜெர்மனிக்கும் பிற நாடுகளுக்கும் லாரியேறிப் போகின்றன. டென்மார்க்கில் ஒரு தாய்ப்பன்றியிடமிருந்து ஆண்டுக்கு 30க்கு மேற்பட்ட குட்டிகளைப் பிரித்தெடுக்கிறார்கள். ஈற்றில் குட்டிகள் பெருகினால் ஒவ்வொன்றும் சிறுத்துப் பிறக்கும். பிரிக்கும்போது பல குட்டிகள் ஆறு, ஏழு கிலோதான் இருக்கும். குடல் இன்னும் பாலுக்கே பழகியிருக்கும் அந்த வயதில் கோதுமையும் பார்லியும் சோயாவும் தொட்டிக்கு வருகின்றன. கழிச்சல் நோய் வர இதைவிட வாகான நேரம் குட்டியின் வாழ்வில் கிடையாது.

துத்தநாகத்துக்கு மாற்று என்று சந்தைக்கு வந்த பொருட்கள் ஏராளம்: அமிலங்கள், மூலிகைச் சாறுகள், ஈஸ்ட், நன்மை செய்யும் நுண்ணுயிரிகள். அவற்றில் சில பயன் தருபவையே. ஆனாலும் கைவசம் இருப்பவற்றில் நம்பத்தக்க முதல் கருவி, பிரித்த பிறகான முதல் இரண்டு வாரத் தீவனத்தில் புரதத்தைக் குறைப்பதுதான் என்பது என் முடிவு. அந்தக் கருவிக்கு ஒரு விலையும் உண்டு. டென்மார்க்கின் அனுபவத்தில் பலன், விலை இரண்டையுமே பார்க்க முடிகிறது.

துத்தநாகம் வந்த வழி

டென்மார்க் 1995இல் அவோபார்சினையும் 1998 தொடக்கத்தில் வர்ஜினியாமைசினையும் தடை செய்தது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கப்பட்ட ஆன்டிபயாட்டிக்குகள் இவை. 1998இல் வளர்ந்த பன்றிகளுக்கும், 1999 முடிவுக்குள் குட்டிகளுக்கும், இவ்வகை மருந்துகள் அனைத்தையும் உற்பத்தியாளர்கள் தாமாகவே நிறுத்தினார்கள். ஒன்றியம் முழுவதற்குமான தடை 2006 ஜனவரியில்தான் வந்தது. 2002 நவம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் டென்மார்க்கின் ஃபூலூம் ஆராய்ச்சி மையத்தில் கூடி இதன் விளைவுகளை ஆராய்ந்தார்கள். வளர்ந்த பன்றிகளில் பெரிய இழப்பு ஏதும் தென்படவில்லை. பால்குடி மறந்த குட்டிகளில்தான் கழிச்சலும் அதற்கான மருத்துவமும் கூடியிருந்தன.

அந்த இடைவெளியை நிரப்பியது துத்தநாகம். உயர்ந்த அளவில் கொடுக்கும் துத்தநாக ஆக்சைடு கழிச்சலைக் குறைக்கிறது என்று 1989இல் எடுத்துச் சொன்னவரும் டேனிஷ் ஆய்வாளரே: ஹன்னே டாம்கார்ட் பூல்சன். கால்நடை மருத்துவரின் சீட்டில் வாங்கும் மருந்தாக அது பண்ணைகளில் பரவியது. விலை மலிவு, கலப்பது எளிது, பலனும் நிச்சயம்.

துத்தநாகம் ஓர் உலோகம், அது சிதைவதில்லை. குட்டி உறிஞ்சிக்கொள்வது சிறு பங்கு. மிச்சமெல்லாம் சாணத்தோடு வயலுக்குப் போய் ஆண்டுக்காண்டு மண்ணில் சேர்கிறது. துத்தநாகத்தைத் தாங்கும் மரபணுவும் மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் மரபணுவும் ஒரே பாக்டீரியாவில் சேர்ந்திருப்பது இன்னொரு சிக்கல். பன்றிகளில் காணப்படும் சிசி398 வகை ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியில் இது தெரியவந்தது. அப்படியானால், ஆன்டிபயாட்டிக் ஒரு துளிகூடப் படாத தொழுவத்தில் துத்தநாகம் மட்டுமே எதிர்ப்புள்ள கிருமியை வாழவைக்கக்கூடும். இவற்றையெல்லாம் எடைபோட்டு 2017 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் அனுமதியைத் திரும்பப் பெற்றது. மாறிக்கொள்ள ஐந்தாண்டு அவகாசமும் கொடுத்தது.

இத்தனை ஆண்டுகளும் துத்தநாகம் நோயைத் தடுத்ததோடு நிற்கவில்லை, புரதம் மிகுந்த தீவனத்தின் கேட்டையும் மறைத்து வைத்திருந்தது. 20 சதவீதத்துக்கு மேல் புரதம் கொடுத்து வேகமாக வளர்க்கலாம், மிஞ்சும் புரதத்தால் வரும் சங்கடத்தைத் துத்தநாகம் பார்த்துக்கொள்ளும் என்ற ஏற்பாட்டின் மேல்தான் தீவன அளவுகோல்களும் வளர்ச்சிக் கணக்குகளும் எழுந்திருந்தன.

குடலில் நடப்பது

தாய்ப்பால் குடிக்கும் குட்டியின் இரைப்பையில் லாக்டோஸை லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. குட்டி சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் குறைவாக இருந்தாலும், இந்த லாக்டிக் அமிலம் இரைப்பையைப் புளிப்பாக வைத்திருக்கும். பிரித்த அன்றே பால் நின்றுவிடுகிறது. சொந்த அமிலச் சுரப்பு தேற இன்னும் வாரங்கள் ஆகும். புரதத்தை உடைக்கும் பெப்சின் நன்றாக வேலை செய்வது பிஎச் 2 முதல் 3.5 வரையான புளிப்பில். பிரித்த குட்டியின் இரைப்பையில் பிஎச் எளிதில் 4ஐத் தாண்டி, புளிப்பு குறைந்துவிடும்.

தீவனமும் தன் பங்குக்கு இருக்கிற அமிலத்தைக் கட்டிப்போடுகிறது. அமிலத்தைப் பிடித்துவைக்கும் குணம் புரதத்துக்கு உண்டு, சுண்ணாம்புத் தூளுக்கு அதைவிடப் பல மடங்கு. புரதத்தை அள்ளிப்போட்டு, எலும்புக்கென்று சுண்ணாம்பையும் தாராளமாகக் கலந்தால், செரிமானம் தொடங்கும் இடத்திலேயே தட்டுப்பாடு வந்துவிடுகிறது.

சிறுகுடலில் வேறொரு சேதம் நடக்கிறது. தாயையும் பழகிய கொட்டிலையும் விட்டு வந்த குட்டிகளில் பல, முதல் நாள் முழுக்க எதையும் தின்பதில்லை. சில இரண்டு நாள்வரை வாய் வைப்பதில்லை. உள்ளே உணவு வராத குடலில் விரல்விரலாக நீண்டிருக்கும் உறிஞ்சிகள் குட்டையாகிவிடும். பிறகு பசி தாளாமல் ஒரே மூச்சில் வயிறு முட்டத் தின்னும். குறுகிய உறிஞ்சிகள், போதாத நொதிகள், திடீரென வந்து குவியும் தீவனம் மூன்றும் சேரும்போது, செரிக்காத புரதம் குடலின் கீழ்ப்பகுதிக்கு இறங்குகிறது.

அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. மாவுச்சத்தும் நார்ச்சத்தும் புளித்தால் குடலுக்கு உதவும் கொழுப்பமிலங்கள் கிடைக்கும். புரதம் புளித்தால் அம்மோனியா, ஹிஸ்டமின், கடாவரின், புட்ரெசின், பீனால்கள், ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவை உருவாகும். குடல் சுவரை எரிச்சலூட்டுபவை இவை. குடலுள் நிலவும் புளிப்பும் குறைந்துபோகும். ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்கு அது வசதியான இடம். எஃப்4, எஃப்18 என்ற பற்றிழைகள் கொண்ட ஈ.கோலை வகைகள் உறிஞ்சிகளில் ஒட்டிக்கொண்டு நஞ்சைச் சுரக்கும். குடல் செல்கள் உப்பையும் நீரையும் வெளியே கொட்டத் தொடங்கும். காலையில் துள்ளித் திரிந்த குட்டி மறுநாள் கண் குழிந்து, தோல் சுருங்கிக் கிடப்பதை ஒரு முறை பார்த்தவர்களுக்கு இந்த நோயின் வேகம் மறக்காது.

எல்லாக் குட்டியும் இப்படி விழுவதில்லை. எஃப்4 கிருமி ஒட்டுவதற்கான ஏற்பி குடலில் இல்லாத குட்டிகள் உண்டு. எம்யூசி4 என்ற மரபணுவை ஒட்டிய ஓர் அடையாளத்தை வைத்து அவற்றை இனங்காண முடியும்; டேனிஷ் இனவிருத்தியில் இந்த எதிர்ப்புத்திறனுக்காகத் தெரிவு செய்திருக்கிறார்கள். எஃப்18க்கு அது உதவாது.

ஒரு டன் தீவனத்தின் கணக்கு

பன்றிக்கு வேண்டியவை புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்கள். புரதச் சதவீதம் என்று தனியாக ஒரு தேவை அதற்குக் கிடையாது. மூட்டையில் அச்சிட்டிருக்கும் 20%, 21% எல்லாம் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிய எண். அதில் செரிப்பது எவ்வளவு, குட்டிக்கு உதவும் விகிதத்தில் இருப்பது எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது. டேனிஷ் ஆலோசகர்கள் ஒரு தீவன அலகுக்கு (தீவனத்தின் ஆற்றலை அளக்கும் அளவு) எத்தனை கிராம் செரிக்கும் புரதம், எத்தனை கிராம் செரிக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் என்று கணக்கிடுகிறார்கள். அது நல்ல பழக்கம்.

ஒரு டன் குட்டித் தீவனத்தில் 100 கிலோ சோயா புண்ணாக்கை எடுத்துவிட்டு, அதே எடைக்குக் கோதுமை போடுவதாக வைத்துக்கொள்வோம். சோயா புண்ணாக்கில் புரதம் சுமார் 46%, கோதுமையில் 11%. 46 கிலோ புரதம் வெளியேறுகிறது, 11 கிலோ உள்ளே வருகிறது. டன்னுக்கு 35 கிலோ குறைவு. 21% தீவனம் 17.5% ஆகிவிட்டது. சோயாவோடு சுமார் 2.8 கிலோ லைசினும் போயிருக்கும். கோதுமையால் திரும்பக் கிடைப்பது 0.3 கிலோ அளவுதான். மீதி 2.5 கிலோவை ஈடுகட்ட, 78% லைசின் கொண்ட லைசின் ஹைட்ரோகுளோரைடு 3.2 கிலோ கலந்தால் போதும். இந்தத் தூள் வடிவ லைசின் ஏறக்குறைய முழுவதும் சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்படும். கீழே இறங்கிப் புளிக்க அதில் எதுவும் மிஞ்சாது.

லைசினோடு முடிவதில்லை. திரியோனின், மெத்தியோனின், டிரிப்டோபான், வேலின் எல்லாவற்றையும் லைசினுக்குரிய விகிதத்தில் வைக்க வேண்டும். திரியோனின் லைசினில் 62 முதல் 65%, வேலின் 67 முதல் 70%, டிரிப்டோபான் 18 முதல் 22% என்ற வட்டத்தில் பரிந்துரைகள் இருக்கின்றன. குடலில் அழற்சி உள்ள குட்டிக்கு இந்த எல்லைகளின் மேல்பக்கமே பாதுகாப்பானது. குடலைப் போர்த்தியிருக்கும் சளிப்படலம் திரியோனின் நிறைந்த புரதம். நோயோடு போராடும் உடல் டிரிப்டோபானைக் கூடுதலாகச் செலவழிக்கும். இன்னும் கீழே போனால் ஐசோலூசின், ஹிஸ்டிடின், லூசின் என்று வரிசையாகப் போதாமை தொடங்கும்.

இத்தனையும் சரியாகக் கலந்தாலும் தாண்ட முடியாத ஓர் எல்லை இருக்கிறது. பன்றியின் உடல் புரதத்தில் லைசின் சுமார் 7%. தீவனத்தின் லைசின், மொத்தப் புரதத்தில் இந்தப் பங்கை நெருங்கினால், உடல் தானே செய்துகொள்ளும் மற்ற அமினோ அமிலங்களுக்கு நைட்ரஜன் போதாது. 6.5%ஐப் பாதுகாப்பான எல்லையாக வைத்துப் பார்ப்போம். 21% புரதத் தீவனத்தில் 1.36% லைசின் வரை போகலாம். 17.5% தீவனத்தில் 1.14% மட்டுமே. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2012இல் சொன்ன தேவை, 5 முதல் 7 கிலோ குட்டிக்கு 1.50%, 7 முதல் 11 கிலோவுக்கு 1.35%. ஆகவே புரதத்தை 17.5 சதவீதத்துக்கு இறக்குகிறவர் லைசினையும் இறக்கியே ஆக வேண்டும். அதோடு அந்த இரண்டு வார வளர்ச்சியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறார். அமினோ அமிலத்தைக் கலந்துவிட்டால் வளர்ச்சி துளியும் குறையாது என்று விற்பனையாளர்கள் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 19% வரை அது பெரும்பாலும் உண்மை. அதற்குக் கீழே உண்மையில்லை.

சோதனைகள் சொன்னது

ஆஸ்திரேலியாவின் மர்டாக் பல்கலைக்கழகத்தில் 2008, 2009 வாக்கில் நடந்த ஆய்வுகள் இந்தப் பேச்சின் அடித்தளம். 24 முதல் 25% அளவில் புரதம் உள்ள தீவனத்தையும், 17% ஒட்டிய அளவில் அமினோ அமிலம் சேர்த்த தீவனத்தையும் ஒப்பிட்டார்கள். நச்சு ஈ.கோலையை வாய்வழி கொடுத்த குட்டிகளிலும், குறைந்த புரதம் தின்றவற்றுக்குக் கழிச்சல் குறைவாகவே வந்தது. சாணத்தில் அம்மோனியாவும் இரத்தத்தில் யூரியாவும் குறைந்திருந்தன. பிரித்த பிறகு ஏழு நாள் மட்டும் கொடுத்தாலே பாதுகாப்பு கிடைத்தது என்பது அதில் மிகப் பயனுள்ள செய்தி.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் 2006இல் வெளியான ஆய்வு 23, 21, 19, 17 என்று புரதத்தைப் படிப்படியாக இறக்கிப் பார்த்தது. குடலில் அம்மோனியா குறைந்தது; தீனி எடுப்பதும் வளர்ச்சியும் சேர்ந்தே குறைந்தன. இந்த இரண்டு ஆய்வுகளையும் முரண்பட்டவையாகச் சிலர் எடுத்துக்காட்டுவதுண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. மர்டாக்கில் நோய்க்கிருமி இருந்தது, ஆகவே கழிச்சலைத் தடுத்த ஆதாயம் கண்ணுக்குத் தெரிந்தது. மனிடோபாவின் சுத்தமான ஆய்வுக்கூடத்தில் தடுக்க நோயே இல்லை, ஆகவே விலை மட்டும் தெரிந்தது. ஒரு பண்ணை இந்த இரண்டில் எதற்கு அருகில் இருக்கிறது என்பதுதான் அங்கே எடுக்கவேண்டிய முடிவைத் தீர்மானிக்கும்.

டென்மார்க்கின் சொந்தச் சோதனையில் இரண்டுமே ஒன்றாகத் தெரிந்தன. 2021இல் வெளியான டேனிஷ் பண்ணை ஆய்வில், மருந்தளவு துத்தநாகம் இல்லாமல் குறைந்த புரதம் கொடுத்தபோது கழிச்சலுக்கான மருத்துவம் குறைந்தது. நாள் எடைக்கூடுதலும் குறைந்தது. ஆய்வாளர்கள் இரண்டையும் கட்டுரையின் தலைப்பிலேயே வைத்தார்கள். தீவனத் துறையில் இப்படி நேர்மையாகத் தலைப்பிடுவது அரிது. அதற்காகவே அவர்களை மதிக்கிறேன்.

பண்ணையில் செய்தது

டேனிஷ் பண்ணைகளில் பிரித்த குட்டிக்கு மூன்று தீவனங்கள்: 6 முதல் 9 கிலோ வரை ஒன்று, 9 முதல் 15 வரை அடுத்தது, 15 முதல் 30 வரை மூன்றாவது. இழுத்துப் பிடிப்பது முதல் கட்டத்தில். அங்கே புரதம் 17, 18 சதவீதத்துக்கு வந்தது. சோயா புண்ணாக்கை முடிந்தவரை குறைத்து, மீன்தூள், உருளைக்கிழங்குப் புரதம், பதப்படுத்திய சோயா ஆகிய எளிதில் செரிப்பவற்றை வைத்தார்கள். சுண்ணாம்பைக் குறைத்து, ஃபைடேஸ் நொதியால் தானியத்திலுள்ள பாஸ்பரஸை விடுவித்து, அந்தப் பக்கமும் இரைப்பையின் புளிப்பைக் காத்தார்கள். பென்சாயிக் அமிலம் 0.5% வரை சேர்ந்தது. மூன்றாம் கட்டத்தில் குடல் தேறிய பிறகு புரதத்தையும் லைசினையும் உயர்த்தினால், முதலில் இழந்த எடையில் பெரும்பங்கை 30 கிலோவுக்குள் மீட்டுக்கொள்ள முடியும்.

சிக்கல் நடுக்கட்டத்தில் இருக்கிறது. எஃப்4 கிருமிக்கான ஏற்பி பிறப்பிலிருந்தே குடலில் உண்டு. எஃப்18க்கானது வளர வளரத்தான் தோன்றும். ஆகவே எஃப்18 கழிச்சல் பெரும்பாலும் பிரித்து இரண்டு வாரம் கழித்து வரும். முதல் கட்டத்தை அமைதியாகத் தாண்டிய தொழுவத்தில், ஒன்பது கிலோவில் தீவனத்தை ஒரே நாளில் மாற்றிப் புரதத்தை ஏற்றினால் அந்த வாரமே கழிச்சல் வரக்கூடும். பழைய தீவனத்தோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம்போல மாற்றுவது இதனால்தான். பல பண்ணைகளில் சறுக்கல் இந்த இடத்தில்தான் நடக்கிறது. கைச்செலவு இல்லாமல் திருத்தக்கூடியதும் இதுவே.

கழிச்சலுக்கு எதிராக இன்னொரு வழி, குட்டியைக் கொஞ்சம் பொறுத்துப் பிரிப்பது. ஒன்றியத்தின் சட்டம் 28 நாளுக்கு முன் பிரிக்கக் கூடாது என்கிறது. தனியான, கழுவிக் காயவைத்த கொட்டில் இருந்தால் 21 நாள் வரை இறங்க விலக்கு உண்டு. ஒரு வாரம் தள்ளிப் பிரித்த குட்டியின் குடல் எந்தச் சேர்க்கைப் பொருளும் தராத பலத்தோடு வரும். ஆனால் அதற்கு ஈற்றுக் கொட்டில் இடம் வேண்டும், தாய்ப்பன்றியின் ஈற்றுக் கணக்கும் குறையும். பெரிய பண்ணைகள் இதில் தயங்கியதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் ஒரு வாரம் பொறுப்பதே சரி என்பேன். நம் ஊரில் ஆறு, எட்டு வாரத்தில் பிரிக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த வயதுக் குட்டிக்கு டென்மார்க்கின் 17 சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அது நான்கு வாரக் குடலுக்காக வகுத்த எண்.

துத்தநாகம் நின்ற பின்

2022க்குப் பிறகு டென்மார்க்கில் பிரித்த குட்டிகளுக்கான ஆன்டிபயாட்டிக் உபயோகம் உயர்ந்ததை ஆன்டிபயாட்டிக் உபயோகத்தைக் கண்காணிக்கும் அந்நாட்டின் டான்மேப் ஆண்டறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன. குறிப்பாக நியோமைசின் கூடியது. மனித மருத்துவத்துக்குக் கடைசிக் கையிருப்பான கோலிஸ்டினை அங்கே ஏற்கெனவே ஏறக்குறைய முழுவதுமாக விட்டுவிட்டார்கள், ஈ.கோலைக்கு மிஞ்சியவற்றில் நியோமைசின்தான் கைக்கு எட்டியது. 2010 முதல் அங்கே மஞ்சள் அட்டை முறை இருக்கிறது: மருந்து எல்லையைத் தாண்டும் பண்ணை எச்சரிக்கை பெறும், மருந்தைக் குறைக்கும்வரை கண்காணிப்பில் இருக்கும். ஆகவே பண்ணையாளர்கள் இஷ்டத்துக்கு மருந்து கொட்டினார்கள் என்று இந்த உயர்வைச் சொல்லிவிட முடியாது. குட்டிகளுக்கு உண்மையிலேயே நோய் வந்தது.

இதைக் காட்டி, புரதத்தைக் குறைத்ததால் பயனில்லை என்பவர்கள் இருக்கிறார்கள். தடை வந்தபோது எல்லாப் பண்ணைகளும் ஒரே அளவில் தயாராக இருக்கவில்லை. குட்டி எண்ணிக்கை குறையாமல், பிரிக்கும் வயது மாறாமல், முதல் கட்டத் தீவனத்தை மட்டும் மாற்றியவர்களும் இருந்தார்கள். புரதக் குறைப்பு செரிக்காத மிச்சத்தைக் குறைக்கும். ஈரமான தரையையும், நெரிசலையும், 900 கிராம் எடையில் பிறந்த குட்டியையும் அதனால் சரிசெய்ய முடியாது.

மண்ணுக்கு வந்த ஆதாயத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வயலுக்குப் போன துத்தநாகம் பெருமளவு குறைந்தது. தீவனப் புரதத்தை ஒரு சதவீதப் புள்ளி இறக்கினால் பன்றி வெளியேற்றும் நைட்ரஜன் 8 முதல் 10% குறையும் என்பது பல சோதனைகளில் உறுதியான வாய்பாடு. மூன்று புள்ளி இறக்கம் என்றால், வெளியேறும் நைட்ரஜனில் கால்வாசியை நெருங்கும் குறைவு, கொட்டிலுக்குள் குட்டியும் ஆளும் சுவாசிக்கும் அம்மோனியாவிலும் குறைவு.

ஒரு பண்ணைக்கு ஆலோசனை சொல்வதானால் இப்படித்தான் தொடங்குவேன். முதலில் பிரிக்கும் எடையையும் வயதையும் கேட்பேன். ஏழு கிலோவுக்குக் கீழ், நான்கு வாரத்துக்குள் என்றால் முதல் இரண்டு வாரத்துக்கு 17.5 முதல் 18%, செரிக்கும் லைசின் 1.15% சுற்றி, திரியோனினும் டிரிப்டோபானும் மேல் எல்லையில், சுண்ணாம்பு குறைவாக. கழிச்சல் வரலாறே இல்லாத சுத்தமான தொழுவம் என்றால் 19 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளலாம்; அங்கே அதற்கும் கீழே இறங்குவது வளர்ச்சியை வீணாக்குவது. செத்த குட்டியின் குடலிலிருந்து மாதிரி எடுத்து, எஃப்4ஆ எஃப்18ஆ என்று ஆய்வகத்தில் பார்த்த பிறகே இரண்டாம் கட்டத் தீவனத்தை எந்த நாளில், எத்தனை நாள் கலந்து மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும்.